ஒரு பங்குகூட இல்லை; கணக்கில் சேர்க்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் பின்னலாடைக் கம்பெனி என்.எஸ்.இ. பிரதானப் பட்டியலில் உள்ளது. இயக்குநர் ஒருவருடைய மனைவியின் சாயப்பட்டறைக் கம்பெனி எங்களுக்கு மட்டுமே ஜாப் ஒர்க் செய்கிறது. அதில் எங்களுக்கு ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அதை எங்கள் ஒருங்கிணைந்த கணக்கில் (குழுமக் கம்பெனிகள் அனைத்தையும் ஒன்றாகக் காட்டும் கணக்கு) சேர்க்க வேண்டிவரும் என்கிறார் ஆடிட்டர். சரியா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டிவரலாம். ஒருங்கிணைந்த கணக்குக்கான இந்தியக் கணக்கியல் தரநிலையான இந்த் ஏ.எஸ். 110 பார்ப்பது கட்டுப்பாட்டை. பங்கு அதற்கு ஒரு வழி மட்டுமே. பட்டறையின் முக்கிய முடிவுகளை எடுக்கும் அதிகாரம், அதன் லாப நஷ்டத்தோடு ஏறி இறங்கும் வருமானம், அந்த அதிகாரத்தால் அந்த வருமானத்தை மாற்ற முடிவது ஆகிய மூன்றும் உங்களிடம் சேர்ந்தே இருக்க வேண்டும்.

'எங்களுக்கு மட்டுமே வேலை செய்கிறது' என்பது போதாது. சார்ந்திருப்பது வேறு, கட்டுப்பட்டிருப்பது வேறு. மேலாளரை நியமிப்பது யார்? இயந்திரம் வாங்க முடிவெடுப்பது யார்? வங்கிக் கடனுக்கு ஜாமீன் யார்? நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும்? இவற்றை ஒப்பந்தங்களோடு வைத்துப் பாருங்கள். அந்த அம்மையார் சுயமாக முடிவெடுக்காமல் உங்கள் கம்பெனி சொற்படி நடக்கிறார் என்றால், அவர் உங்கள் முகவர். அவருடைய உரிமைகளையும் உங்களுடையவற்றோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

சீனாவின் இணைய வணிக நிறுவனம் அலிபாபா இப்படித்தான், அமெரிக்க விதிகளின்படி, உரிமம் பெற்ற கம்பெனிகளைத் தன் கணக்கில் சேர்க்கிறது. அவற்றின் பங்குகள் அலிபாபாவிடம் இல்லை, சீனர்கள் பெயரில்; அலிபாபாவின் பிடி ஒப்பந்தங்களில். ஒப்பந்தம் போனால் பிடியும் போகும். 2011 தொடக்கத்தில் ஒப்பந்தங்கள் முறிக்கப்பட்டதும் இணையப் பணப் பரிமாற்றக் கம்பெனியான அலிபே அலிபாபாவின் கணக்கிலிருந்து வெளியேறியது. ஆகவே ஆண்டுக்கொரு முறையாவது ஒப்பந்தங்களை மறுபடி படியுங்கள்.

சேர்ப்பதானால் வரவு, செலவு, சொத்து, கடன் அனைத்தையும் 100 சதவீதம் தலைப்புவாரியாகக் கூட்டி, ஜாப் ஒர்க் கட்டணத்தையும் பரஸ்பர பாக்கியையும் நீக்குங்கள். பலர் கோட்டைவிடுவது இருப்புச் சரக்கில்தான். 80 ரூபாய் அடக்கமான வேலைக்குப் பட்டறை 100 ரூபாய் பில் போட்டு, துணி இன்னும் உங்கள் கிடங்கிலேயே இருந்தால், அந்த 20 ரூபாய் இன்னும் சம்பாதிக்காத லாபம். சரக்கு மதிப்பில் குறையுங்கள். பட்டறையின் நிகர மதிப்பில் உங்களுக்கு உரிமையில்லாத பகுதி கட்டுப்பாடற்றோர் பங்காகத் தனித் தலைப்பில் வரும். லாபம் உங்களுக்கு வர ஒப்பந்தம் ஏதும் இல்லையென்றால் முழுவதுமே அங்கேதான்.

சேர்க்கத் தேவையில்லை என்று முடிவானாலும், இயக்குநரின் மனைவி கட்டுப்படுத்தும் கம்பெனி என்பதால், தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகளுக்கான இந்த் ஏ.எஸ். 24-இன்படி கட்டணத் தொகையையும் ஆண்டிறுதி பாக்கியையும் குறிப்பில் காட்டியாக வேண்டும்.