ஆலைக்கொட்டகையில் எங்கே நிற்பது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஊர்ப்புறத் தொழில்களைப் படமும் எழுத்துமாகப் பதிவு செய்யும் ஆசையில், கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு வெல்ல ஆலையில் இரண்டு நாள் இருந்து 300 படம் எடுத்தேன். எதைப் பார்த்தாலும் ஆவியும் வேர்வையும்தான். எழுத உட்கார்ந்தால் ‘கடின உழைப்பு’ என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. 12 படங்களை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?

க., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள க.,

12 படங்களும் சாறு காய்ச்சும் கொப்பரைக்கு எதிரே நின்று எடுத்தவை. ஆவி அழகாக இருப்பதால் எல்லோரும் அங்கேயேதான் நிற்கிறார்கள். அடுப்பு வாயில் உட்கார்ந்து காய்ந்த கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டே இருப்பவர் உங்கள் படங்களில் இல்லவே இல்லை. தீ ஏறினால் பாகு அடிப்பிடிக்கும், இறங்கினால் பதம் தள்ளிப்போகும். பாதி வேலை அவர் கையில் இருக்கிறது.

வேலை நடக்கும் வரிசையிலேயே எடுங்கள். வெட்டிய கரும்பை அன்றோ மறுநாளோ ஆட்டிவிட வேண்டும், கிடந்தால் வெல்லம் இறுகாது. அதனால் கதை கரும்புக் காட்டில் தொடங்குகிறது. பிறகு சாறு, வடிகட்டல், சுண்ணாம்பு. சுண்ணாம்பு கூடினால் வெல்லம் கறுக்கும், குறைந்தால் கெட்டிப்படாது. அதைக் கலக்கும் கையை நெருங்கி எடுங்கள். பொங்கி மேலே வரும் அழுக்கை அள்ளுவது ஒரு வேலை, நுரை வழியாமல் சில சொட்டு எண்ணெய் விடுவது இன்னொன்று. இரண்டும் ஒரே ‘கொப்பரைப் படம்’ ஆகிவிடக் கூடாது.

பதம் பார்ப்பதற்குத் தனியாகக் காத்திருங்கள். பாகில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். அச்சு வெல்லத்துக்கு 116 – 118 டிகிரி செல்சியஸ். நாட்டுச் சர்க்கரைக்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏற வேண்டும், அதன்பின் தொட்டியில் ஊற்றிக் கட்டையால் தேய்ப்பார்கள். வெப்பமானி இல்லாமல் விரல் அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறது. ‘கடின உழைப்பு’ என்று எழுதினால் இந்த அறிவு காணாமல் போகும். பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடிச் சர்க்கரை போகிறது என்று எழுதுகிறவர்கள் இந்த விரலையும் எழுத வேண்டும்.

இனி கேமரா. உள்ளே போனதும் எடுக்காதீர்கள், லென்ஸ் கொட்டகைச் சூட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் வேண்டும். ஃபிளாஷ் போட்டால் ஆவி வெள்ளைத் திரையாக நிற்கும். காற்று வரும் பக்கம் நில்லுங்கள். காலைவெயில் ஆவிக்குப் பின்னாலிருந்து வந்தால் ஆளும் ஆவியும் பிரிந்து தெரியும். தீயை வைத்து வெளிச்சம் அளந்தால் முகம் கருத்துவிடும், திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்ச அளவைப் பூட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடியில் படிவது தண்ணீர் மட்டுமில்லை, சர்க்கரைப் பிசுக்கு. முதலில் ஈரத்துணி, பிறகு உலர்துணி.

படத்துக்குக் கீழே எழுத வேண்டியதை அங்கேயே எழுதுங்கள்: யார், என்ன வேலை, கூலி நாளுக்கா கொப்பரைக் கணக்கா, 100 கிலோ கரும்புக்கு எத்தனை கிலோ வந்தது (பத்து கிலோ சுமாருக்கு வரும்). அவர்கள் சொல்லும் சொல்லையே போடுங்கள். ‘ஆலை ஆட்டறது’ என்றால் அதுவே போதும், ‘கரும்பு பிழிதல்’ வேண்டாம்.

ஹைட்ராஸ் (வெல்லத்தை வெளுக்க வைக்கும் ரசாயனம்) பொட்டலம் கண்ணில் பட்டால் ஒளித்தும் எடுக்காதீர்கள், இல்லாதது போலும் எழுதாதீர்கள். எதற்குப் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். வெளுத்த வெல்லத்துக்கே சந்தையில் விலை என்பார்கள். கறுத்ததை ஒதுக்கி வெளுத்ததை வாங்கும் நம் வீடுகளும் அந்தப் பதிவில் வர வேண்டும். ஆள் அடையாளம் தெரியும் படத்தை அவர் சம்மதமில்லாமல் அந்தப் பத்திக்குப் பக்கத்தில் வைப்பது பெரிய துரோகம், அதன் விளைவு அவர் பிழைப்பில் விழும்.

கடைசியாக, பத்துப் படத்தை 4க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துப் போய்க் கொடுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். “அது பதம் பாக்கறதில்லீங்க, அழுக்கெடுக்கறது” என்று திருத்துவார்கள். மழை பெய்த மறுநாளாகப் போங்கள். சக்கை நனைந்து அடுப்பு எரியாது, பேச நேரம் இருக்கும். அன்றைக்குக் கூலி உண்டா என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.