ஜூலைக் கடைசியில் பர்ப்பிள் எம்பரரா? அறுபது பவுண்டு பையிலேயே இருக்கட்டும்

கேள்வி: லண்டன் குரோய்டனில் வசிக்கிறோம். மதுரையிலிருந்து அப்பா வந்திருக்கிறார். வயது 71, முழங்கால் வலி உண்டு. ஊரில் அழகர்மலைப் பக்கம் பட்டாம்பூச்சி பார்த்துப் பழகியவர். ஜூலை கடைசிச் சனிக்கிழமை அவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் இந்த நாட்டுப் பட்டாம்பூச்சிகளைக் காட்ட ஆசை. ‘பர்ப்பிள் எம்பரரை நிச்சயம் காட்டுகிறேன்’ என்று ஒரு வழிகாட்டி ஆளுக்கு 60 பவுண்டு கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ‘நிச்சயம்’ என்ற சொல்லைக் கேட்டதுமே நீங்கள் போனை வைத்திருக்க வேண்டும்.

பர்ப்பிள் எம்பரர் தெற்கு இங்கிலாந்தின் ஓக் காடுகளில் வாழும் பட்டாம்பூச்சி. ஜூன் பின்பாதியில் வெளிவரத் தொடங்கும். ஜூலை முதல் இரண்டு வாரம்தான் அதன் காலம். மாதக் கடைசியில் மிஞ்சியிருப்பவை சிறகு நைந்துபோன சில மட்டுமே. ஆண் மட்டும்தான் ஊதாவாக மின்னும், அதுவும் எப்போதும் இல்லை. அப்பாவிடம் மயில்கழுத்துப் பட்டு என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்: ஒரு பக்கம் நின்றால் ஊதா, ஒரு அடி தள்ளி நின்றால் வெறும் பழுப்பு.

இது பூவைத் தேடி வருகிற பூச்சி இல்லை. காலை பத்து மணி வாக்கில் ஆண் பூச்சிகள் மரத்திலிருந்து பாதைக்கு இறங்கி ஈர மண், குதிரைச் சாணம், நாய்க் கழிவு என்று உறிஞ்சும். அதைத் தெரிந்துகொண்டுதான் சிலர் பாதையில் இறால் விழுதைத் தடவிவிட்டுக் காத்திருக்கிறார்கள். கருவாட்டு வாசனை வீட்டிலேயே இருக்க, அதைக் காட்டில் போய் ஆளுக்கு 60 பவுண்டு கொடுத்து முகர வேண்டுமா? இந்த வழிகாட்டிகள் பெரும்பாலும் கூட்டிப்போகிற இடமும் உங்களுக்கும் எனக்கும் இலவசமாகத் திறந்திருக்கிற பொதுக்காடுதான்.

நானே ஏமாந்தவன். இந்த நாட்டுக்கு வந்த முதல் கோடையில் ஒருவரிடம் பணம் கட்டி, மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை ஓக் மரத்தடியில் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். உச்சிக்கிளையில் ஒரு புள்ளி பறந்தது. “அதுதான்” என்றார். பர்ப்பிள் ஹேர்ஸ்ட்ரீக் என்று ஒரு சின்னப் பூச்சியும் அதே ஓக் உச்சியில்தான் சுற்றும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எதைப் பார்த்தேன் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, வானிலைக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்ற பொடி எழுத்தைக் காட்டினார்.

சரி, அடுத்த ஜூலை முதல் வாரம் எம்பரருக்குப் போவதானால், சர்ரே மாவட்டத்தில் புக்கம் காமன் என்ற பொதுக்காடு இருக்கிறது. பழைய கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை பராமரிக்கும் இடம். புக்கம் ரயில் நிலையத்தை ஒட்டியே காடு தொடங்கிவிடும். சமதளம், ஆனால் களிமண். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வார இறுதியில்தான் தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்துவார்கள், முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ஜனங்களுக்கு லீவு கிடைக்கும் நாள் எது என்று ரயில்காரர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை.

இந்த ஜூலைக்கு உங்களுக்குத் தேவை காடு இல்லை, சுண்ணாம்புப் பாறை மேட்டுப் புல்வெளி. அதே சர்ரேயில் டார்க்கிங் ஊருக்கு மேலே ரான்மோர் காமன் சாலையில் நேஷனல் டிரஸ்டின் கார் நிறுத்தம் இருக்கிறது. சாலையைக் கடந்தால் டென்பீஸ் ஹில்சைடு, தெற்கு பார்த்த சரிவு. ஜூலைக் கடைசியில் அங்கே சாக்ஹில் புளூ என்கிற வெளிர்நீலப் பட்டாம்பூச்சி உச்சத்தில் இருக்கும். பாலில் நீலம் கலந்த நிறம், சிறகு ஓரம் கறுப்பு. பெண் பழுப்பு. இதன் புழு ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற ஒரே செடியைத்தான் தின்னும். பயறு இனத்துச் செடி, மஞ்சள் பூ, காய் லாடம் லாடமாக வளைந்திருக்கும். அது சுண்ணாம்பு மண்ணில், ஆடு மேய்ந்து குட்டையாக வைத்திருக்கும் புல்லில்தான் வளரும். புழுவிடமிருந்து சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சுற்றிலும் இளஞ்சிவப்பாகப் பூத்திருப்பது மார்ஜோரம், நீங்கள் பீட்சாவில் தூவும் ஆரிகனோவேதான். அதன்மேல் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட மார்பிள்டு ஒயிட் பட்டாம்பூச்சியும் மிஞ்சியிருக்கலாம்.

வெயில் வேண்டும். 1976 முதல் இந்த நாட்டில் நடக்கும் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பின் விதிப்படி 13 டிகிரிக்குக் கீழே எண்ணவே மாட்டார்கள். 13 முதல் 17 வரை வெயில் நன்றாக அடித்தால்தான் எண்ணுவார்கள். நடுப்பகல்தான் கணக்கு.

ஆனால் இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் அப்பாவின் முழங்காலுக்கு அதுதான் சரி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீலப் பட்டாம்பூச்சிகள் மாலையில் கூட்டமாகத் தூங்கும். வெயில் தாழ்ந்ததும் உயரமான புல் தண்டுகளில் தலைகீழாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகச் சிறகு மூடி உட்கார்ந்துவிடும். பகலில் இவை ஒரு நிமிடம் நிற்காது, பிள்ளைகள் சரிவில் மேலும் கீழும் ஓடுவார்கள், அப்பா பின்னால் நிற்பார். மாலையில் நீங்கள் குனிந்து ஒரு தண்டைப் பார்த்தால் போதும், மூக்குக்கு நேரே இரண்டு மூன்று இருக்கும். சிறகின் அடிப்பக்கத்துப் புள்ளிகளையும் ஆரஞ்சுத் திட்டுகளையும் எண்ணலாம். ஏழு மணிக்குப் போங்கள். சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிவிடும். சரிவின் அடிவரை இறங்க வேண்டாம், மேல்விளிம்பிலிருந்து பத்துப் பதினைந்து அடி போதும். பகலில் மேகம் மூடிவிட்டாலும் இதே வழிதான்: தண்டுகளைப் பாருங்கள், அவை எங்கும் போய்விடவில்லை. காற்று பலமாக இருந்தால் மட்டும் புதர் மறைவுப் பக்கம் தேடுங்கள். தண்டை ஆட்டாதீர்கள், போன் வெளிச்சத்தை அடிக்காதீர்கள். இதை எந்த வழிகாட்டியும் உங்களுக்குச் சொல்ல மாட்டார். சொன்னால் அவருக்கு 60 பவுண்டு எப்படி வரும்?

கார் நிறுத்தத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. பூட்டும் நேரம் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பறவை பார்க்கும் பெரிய பைனாகுலரைக் கடைக்காரர் தலையில் கட்டப் பார்ப்பார். எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள். இரண்டு மீட்டரில் இருப்பது தெளிவாகத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால் போன் கேமராவே போதும்.

அப்பாவுக்கு வேட்டி வேண்டாம். நீளமான பேன்ட், அதைக் காலுறைக்குள் செருக வேண்டும். இங்கே புல்லில் உண்ணி உண்டு, சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, பிள்ளைகளின் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் செந்நிற வட்டம் பரவினால் டாக்டரிடம் போக வேண்டும்.

போகிற வழியில் சாலை ஓரப் புல் மொட்டையாகக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். பூ பூத்துக் குலுங்கும் மாதமாகப் பார்த்து மெஷினை ஓட்டுவது எங்கள் பகுதி நிர்வாகத்தின் வழக்கம். நான் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பதில், தேதி மட்டும் வேறு. நுழைவாயில் பலகைகளும் அப்படித்தான். பத்துப் பட்டாம்பூச்சிப் படம் இருக்கும், எது எந்த மாதம் என்று இருக்காது. மக்கள் ஏமாறுவதற்குப் பாதிக் காரணம் அந்தப் பலகைதான்.

ஆள் துணை வேண்டுமென்றே தோன்றினால் பட்டாம்பூச்சிகளைக் காக்கும் பட்டர்பிளை கன்சர்வேஷன் அமைப்பின் சர்ரே கிளை கோடையில் நடத்தும் நடைகளில் சேருங்கள். அங்கே வரும் பெரியவர்கள் உங்கள் அப்பா வயதுக்காரர்கள்தான், மெதுவாகத்தான் நடப்பார்கள், ஃபிளாஸ்க்கில் டீயும் இருக்கும்.