இஸ்ரவேலைத் தண்டிக்க அசீரியப் பேரரசைக் கோலாக அனுப்பிய கடவுளே பிறகு அதை அழிப்பது என்ன நீதி?

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் பைபிளின் தீர்க்கதரிசன நூலான நாகூமை மட்டும் தனியாகப் படித்திருப்பார்கள். நீங்களும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். மூன்றே அதிகாரம். அசீரியத் தலைநகர் நினிவே விழுந்த செய்தி கேட்டு எல்லாரும் கைகொட்டுவதோடு முடிகிறது. அங்கே தொடங்கினால் வெறும் வஞ்சப் பாட்டாகத்தான் தோன்றும். ஏசாயா 10:5-15 முதலில் படியுங்கள்.

5, 6 வசனங்களில் அசீரியா கோபத்தின் கோல். கொள்ளையிடவும் உத்தரவு உண்டு. 7-இல்தான் சிக்கல்: அசீரிய ராஜாவின் மனதில் இருப்பது வேறு, அநேகம் ஜாதிகளை ஒழித்துக்கட்டுவது. 13, 14-இல் 'எல்லாம் என் கைபலம்' என்கிறான். தாய் விட்டுப்போன கூட்டில் முட்டை பொறுக்குவதுபோல் நாடுகளை வாரினானாம். 15-இல் தீர்ப்பு: வெட்டுகிறவனிடமே கோடரி பெருமை பேசலாமா? இந்தப் பெருமை கவியின் கற்பனை அல்ல. கி.மு. 701 படையெடுப்பில் யூதாவின் 46 அரணான நகரங்களைப் பிடித்ததாக அசீரிய ராஜா சனகெரிப் தன் களிமண் சாசனத்தில் எழுதிவைத்திருக்கிறான்.

ஆக, ஏவியதைத் தாண்டிப் போனதுதான் குற்றம். 'இது உங்கள் வியாக்கியானம்' என்று சிலர் கிளம்புவார்கள். அவர்கள் ஏசாயா 47:6 பார்க்கட்டும்: ஜனத்தை உன் கையில் கொடுத்தேன், நீ இரங்கவில்லை, கிழவர்மேலும் நுகத்தைப் பாரமாக்கினாய் என்று பாபிலோனிடம் சொல்கிறது. சகரியா 1:15 இன்னும் சுருக்கம்: நான் கொஞ்சம்தான் கோபப்பட்டேன், அந்த ஜாதிகள் கேட்டை அதிகமாக்கினார்கள்.

'இஸ்ரவேலைத் தொட்டால்தான் இந்தக் கோபமா?' என்பது அடுத்த கேள்வி. ஆமோஸ் 2:1-இல் மோவாப் தண்டிக்கப்படுவது ஏதோம் ராஜாவின் எலும்புகளை நீறாகச் சுட்டதற்காக. இஸ்ரவேலுக்கு அதில் சம்பந்தமே இல்லை. மூன்று வசனம் தள்ளி யூதாவுக்கும், அதற்கடுத்து இஸ்ரவேலுக்கும் அதே வாய்ப்பாட்டில் தீர்ப்பு வருகிறது.

உங்கள் கேள்வியை நேராகக் கடவுளிடமே கேட்டவர் ஆபகூக் தீர்க்கதரிசி. பாபிலோனியன் மனிதரை மீன்போல் வாரி, தன் வலைக்கே பலியிட்டு, மீன்பிடிக்கும் பறிக்குத் தூபம் காட்டுகிறான். இதைப் பார்த்துக்கொண்டிருப்பீரோ என்கிறார். பதில் 2-ஆம் அதிகாரத்தின் ஐந்து 'ஐயோ'க்கள். கொள்ளையிட்டவன் கொள்ளையிடப்படுவான், இரத்தத்தால் நகரம் கட்டியவனுக்கு ஐயோ. 2:17-இல் லீபனோனுக்குச் செய்த கொடுமையும் மிருகங்களை அழித்ததும்கூடக் கணக்கில் வருகின்றன.

காலத்தைக் குழப்பினால் எல்லாம் கெடும். நாகூம் 3:8 எகிப்தின் நோ அம்மோன் (தீப்ஸ் நகரம்) விழுந்ததைப் பழைய செய்தியாகச் சொல்கிறது, அது கி.மு. 663. நினிவே பாபிலோனியரிடமும் மேதியரிடமும் விழுந்தது 612. நூலின் பின்னணி இந்த இடைவெளிதான். எங்கே போர் மூண்டாலும் மறுநாளே வரைபடத்தில் அம்புக்குறி போட்டு 'நாகூம் சொன்னது நடக்கிறது' என்று காணொளி விடுகிறவர்களுக்கு இந்த இரண்டு ஆண்டுகளும் தெரிவதில்லை. கேட்டால் விசுவாசக் குறைவு என்பார்கள்.

சொன்னதெல்லாம் சொன்னபடியே நடந்ததா என்றால், இல்லாததை மறைக்காதவர் எசேக்கியேல் தீர்க்கதரிசி. 26-ஆம் அதிகாரத்தில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தீரு என்னும் துறைமுக நகரை இடித்துக் கொள்ளையிடுவான் என்கிறார். 29:18-இல் முற்றுகையிட்ட சேனையின் தலைகள் மொட்டையாகி, தோள்கள் உரிந்தும் கூலி கிடைக்கவில்லை என்று அவரே எழுதுகிறார். அடுத்த வசனத்தில் அந்தக் கூலிக்கு ஈடாக எகிப்து கொடுக்கப்படுகிறது.