எஞ்சின் இல்லாமல் ஒரு பந்தயம்

கேள்வி: மலைப்பகுதிகளில் நடைபெறும் ஹேங் கிளைடிங் (பெரிய இறக்கையின் கீழ் தொங்கியபடி எஞ்சினின்றிப் பறத்தல்) போட்டிகளில் அதிக நேரம் பறப்பவர்தான் வெல்வாரா? நம் கடற்கரையில் அவ்வாறு பறக்க இயலுமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில் (புதுச்சேரியைச் சேர்ந்த ஹேங் கிளைடர் விமானி): பெரும்பாலான போட்டிகளில் நேரத்தைவிட வேகமே முக்கியம். அன்றைய வானிலைக்கேற்ப வகுக்கப்படும் பாதையில், குறித்த இடங்களைச் சுற்றி இலக்கை விரைவாக அடைபவருக்கு அதிகப் புள்ளிகளும், வழியிலேயே தரையிறங்குபவருக்குக் கடந்த தூரத்துக்கேற்ற புள்ளிகளும் கிடைக்கும். ஜி.பி.எஸ். பதிவே சாட்சி.

வெயிலில் சூடேறிய பாறைச் சரிவுகளிலிருந்து எழும் வெப்பக் காற்றுதான் எங்களுக்கு எஞ்சின். ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவியான வேரியோமீட்டரின் 'பீப்' ஒலி விரைவுபடும்போது, குப்புறத் தொங்கியபடியே கட்டுப்பாட்டுக் கம்பியைப் பிடித்து, உடல் எடையை ஒரு பக்கம் நகர்த்தி, அக்காற்றைவிட்டு விலகாமல் வட்டமிட்டு உயர வேண்டும். பருந்துகள் வட்டமிடும் இடம் கண்ணில் பட்டால் நான் அங்கேதான் திரும்புவேன். காற்று மோதும் பக்கத்துக்கு எதிர்ப்புறச் சரிவில் காற்று சுழன்று கீழ்நோக்கி அழுத்தும் என்பதால், எத்தனை புள்ளிகள் போனாலும் அப்பக்கம் தாழ்வாகப் பறக்கக் கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

நம் கரையோரத்திலோ கடற்காற்று நிலத்தைக் குளிர்வித்து வெப்பக் காற்றை அடக்கிவிடுகிறது. காற்றை மேலே திருப்பும் உயரமான மலைச்சரிவுகளும் இல்லை. தகுதி பெற்ற பயிற்சியாளரிடம், வேறிடத்தில் ஒரு சிறு சரிவிலிருந்து தொடங்குங்கள்.