பேங்காக் போக மூன்றாவது கணக்கில் கை வைக்கலாமா?

கேள்வி: புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறோம். எனக்கு வயது 38. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை, சம்பளம் 4,200 ரிங்கிட். மனைவி பாலர் பள்ளி ஆசிரியை, 1,900 ரிங்கிட் வாங்குகிறார். வீட்டுக் கடன், கார், டியூஷன், அம்மாவின் மருந்து எல்லாம் போக மாதம் 600 ரிங்கிட் போல மிஞ்சும். வங்கியில் 3,200 ரிங்கிட் இருக்கிறது. தீபாவளிக்கு முன் ஒரு மாத போனஸ் வரும். வருகிற ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இரண்டு பேரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான்கு நாள் பேங்காக் போய்வர ஆசை. பெரியவளுக்கு வயது 10, சின்னவனுக்கு 7. அம்மாவுக்கு 67, சீலோம் மாரியம்மனைப் பார்க்க வேண்டும் என்று பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏஜென்சி பேக்கேஜ் பெரியவர்களுக்கு 1,390, பிள்ளைகளுக்கு 1,090, மொத்தம் 6,350 ரிங்கிட். அதைக் கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணையாக 12 மாதத்தில் கட்டலாம் என்கிறார்கள். மச்சான், “இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) மூன்றாவது கணக்கில் 4,800 சும்மாதானே கிடக்கிறது, எடு” என்கிறார். மனைவியோடு வேலை செய்பவர், கூட்டில் (மாதாமாதம் ஆளுக்கு ஒரு தொகை போட்டு, முறை வைத்து ஒருவர் எடுக்கும் சீட்டு) சேர்ந்தால் முதல் முறையே உங்களுக்குத் தருகிறோம் என்கிறார். இந்த மூன்றில் எது நல்லது?

பதில்: வணக்கம். போய்விட்டு வாருங்கள். 67 வயது அம்மாவின் ஆசையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. அந்தச் செலவை வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஜூனில் வேண்டாம், டிசம்பரில் போங்கள். நீங்கள் சொன்ன மூன்று வழிகளும் வேண்டாம்.

முதலில் தவணைக் கணக்கு. 6,350 ரிங்கிட்டை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 529. இதைக் கட்ட முடியும் என்று நினைத்துத்தானே கேட்டிருக்கிறீர்கள்? அப்படியானால் மாதம் 500 ரிங்கிட் ஒதுக்கவும் உங்களால் முடியும். அதே பணத்தைப் போவதற்கு முன் சேர்ப்பதா, வந்த பிறகு கட்டுவதா என்பதுதான் இங்கே கேள்வி. முன்பே சேர்த்தால், பேக்கேஜ் இல்லாமல் போய், போனஸில் ஒரு பகுதியையும் போட்டால், ஏழு மாதத்தில் வேலை முடிந்துவிடும். பிறகு கட்டினால் பன்னிரண்டு மாதம், அதற்கு நடுவில் ஒரு தீபாவளி, ஒரு பள்ளித் தொடக்கம், காரின் ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வரும். அந்த ஓராண்டில் உங்கள் கையில் மாதம் 70 ரிங்கிட்தான் மிஞ்சும்.

வட்டியில்லாத் தவணை ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. ஒழுங்காகக் கட்டினால் வட்டி இல்லைதான். சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. பேக்கேஜ் கார்டில் ஏறிவிட்டதால் கையில் ரொக்கம் இருக்காது. அங்கே சாப்பாடும் துணிமணியும் அதே கார்டில் ஏறும். அந்தப் பகுதிக்குத் தவணைச் சலுகை கிடையாது. முழுதாக அடைக்காமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போனால், கட்டிய ஒழுங்கைப் பொறுத்து ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வட்டி ஓடும். கார்டுக் கடனோடு என்னிடம் வருகிறவர்களில் பலருக்குப் பெரிய தவணை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருக்கும். கூடவே ஏறிய சின்னச் சின்னச் செலவுதான் அவர்களைக் கடனில் தள்ளியிருக்கும்.

மச்சான் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 18 விழுக்காடு கார்டு வட்டி கட்டுவதைவிட, 6 விழுக்காடு லாப ஈவை இழப்பது நட்டம் குறைவு. ஆனால் அந்த 4,800 சும்மா கிடக்கவில்லை. 2024 மே மாதம் இ.பி.எஃப். மூன்று கணக்காகப் பிரிந்த பிறகு, உங்கள் மாதச் சந்தாவில் 10 விழுக்காடுதான் மூன்றாவது கணக்குக்குப் போகிறது. நீங்கள் கட்டும் 11, முதலாளி கட்டும் 13, இரண்டும் சேர்ந்து 4,200 சம்பளத்துக்கு ஏறக்குறைய 1,008 ரிங்கிட். அதில் பத்தில் ஒரு பங்கு, மாதம் 100 ரிங்கிட். நான்கு நாள் பயணத்துக்கு எடுத்த 4,800 திரும்பச் சேர நான்கு ஆண்டு ஆகும். எடுக்காமல் விட்டால்? 2023இல் 5.50 விழுக்காடு, 2024இல் 6.30 விழுக்காடு ஈவு கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் எவ்வளவு என்று யாரும் உறுதி தர முடியாது. சட்டப்படியான உத்தரவாதம் 2.5 விழுக்காடுதான். 5.5 என்று வைத்துப் பார்த்தாலும் இருபது ஆண்டில் அது 14,000 ரிங்கிட் ஆகிவிடும்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உங்கள் வங்கிச் சேமிப்பு ஒரு மாதக் குடும்பச் செலவுக்குக்கூடப் போதாது. காரின் கியர்பாக்ஸ் போனாலோ, அம்மாவை அவசரமாகத் தனியார் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலோ, அடுத்து உங்களுக்குக் கைகொடுக்கப்போவது அந்த மூன்றாவது கணக்குதான். 50 ரிங்கிட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வசதி இருப்பது அந்த மாதிரி நாளுக்காக.

கூட்டைப் பற்றி இரண்டே வரி. கூட்டு நடத்துவது மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பத்துப் பேரில் ஒருவர் பணம் எடுத்துக்கொண்டு ஓடினால் நீங்கள் போய் நிற்க ஓர் இடமும் கிடையாது. முதல் முறை உங்களுக்கு வந்தாலும் அது கடன்தான், மீதி மாதமெல்லாம் கட்டியாக வேண்டும்.

இனி பயணச் செலவுக்கு வருவோம். பேக்கேஜ் இல்லாமல் நீங்களே ஏற்பாடு செய்தால் என்ன ஆகும் என்று உங்கள் குடும்பத்துக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரு ரிங்கிட்டுக்கு 7.5 பாட் என்று வைத்துக்கொள்கிறேன்.

பினாங்கிலிருந்து டோன் மியாங் விமான நிலையத்துக்குப் போக வர, எல்லோருக்கும் பொதுவாக ஒன்றிரண்டு பயணப்பெட்டிக்கான கட்டணமும் சேர்த்து, தலைக்கு 420 என்றால் ஐந்து பேருக்கு 2,100. இது விடுமுறையின் தொடக்கத்தில், வாரநடுவில் கிளம்பினால் வைக்கக்கூடிய கணக்கு; கிறிஸ்துமஸ் வாரத்தில் இந்த விலையை எதிர்பார்க்காதீர்கள். பாடாங் பெசாரில் மாலையில் ஏறினால் மறுநாள் காலை பேங்காக்கில் இறக்கிவிடும் ரயிலும் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும், ஆனால் நான்கு நாளில் இரண்டு இரவு ரயிலிலேயே போய்விடும். அம்மாவோடு போகும்போது விமானம்தான் சரி.

அறை இரண்டு, மூன்று இரவு, ஓர் இரவுக்கு 150 வீதம் 900 ரிங்கிட். பி.டி.எஸ். மேம்பால ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில், சீலோம் அல்லது சாத்தோர்ன் பக்கம் எடுங்கள். கோயிலும் அங்கே, ஆற்றுப் படகுத்துறையும் பக்கம். ஐந்து பேர் என்பதை மறந்துவிடாதீர்கள்: சாதாரண டாக்ஸியில் நால்வர்தான் உட்கார முடியும். கிராப்பில் ஆறு பேர் வண்டியைத்தான் பிடிக்க வேண்டும், கட்டணமும் அதற்கேற்ப. ஊருக்குள் போக வர எல்லாம் சேர்த்து 250 ஒதுக்குங்கள்.

நுழைவுச் சீட்டில்தான் பலர் கணக்கை விடுகிறார்கள். அரண்மனைக்கு ஆளுக்கு 500 பாட், படுத்த நிலையில் 46 மீட்டர் நீளப் புத்தர் இருக்கும் வாட் போவுக்கு 300, ஆற்றுக்கு அக்கரையில் வாட் அருணுக்கு 200. பெரியவர்கள் மூன்று பேருக்கு மூன்று இடமும் சேர்த்து 3,000 பாட், அதாவது 400 ரிங்கிட். பிள்ளைகளின் உயரத்தைப் பொறுத்துச் சில இடங்களில் இலவசம். சின்னவனை இப்போதே அளந்து வையுங்கள். சாத்தோர்ன் துறையில் ஆரஞ்சுக் கொடிப் படகில் ஏறினால் ஆளுக்கு 16 பாட் அளவில் அரண்மனைத் துறைக்கே போய்விடலாம். நீலக்கொடிச் சுற்றுலாப் படகில் இதைவிட அதிகம் கேட்பார்கள், இரண்டும் போவது ஒரே ஆற்றில்தான். மாரியம்மன் கோயிலில் நுழைவுக் கட்டணம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. வாசலிலேயே பூமாலையும் அர்ச்சனைத் தட்டும் விற்பார்கள். அம்மாவுக்கு அங்கே அரை நாள் விடுங்கள், கூட்டத்தோடு ஓட வைக்காதீர்கள். அரண்மனைக்கு வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்விடுவது அவர் காலுக்கும் நல்லது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், இல்லாவிட்டால் வாசலில் துணி வாங்கும் செலவு சேரும்.

சாப்பாட்டுக்கு நாளுக்கு 150 வீதம் 600. அம்மா சைவம் என்றால் கொஞ்சம் கூடவே வையுங்கள். அங்கே காய்கறிப் பிரட்டலிலும் மீன் சாஸ் ஊற்றுவார்கள், இந்தியக் கடையைத் தேடிப் போக வேண்டியிருக்கும். பாஹுராட், சீலோம் இரண்டு பக்கமும் உண்டு. பயணக் காப்புறுதி, சிம் இரண்டுக்கும் 150. காப்புறுதி வாங்கும்போது அம்மாவுக்கு ஏற்கெனவே உள்ள நோயை அது ஏற்குமா என்று படித்துப் பாருங்கள், பலவும் ஏற்பதில்லை. பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் வாங்கிக் கொள்ள 400. மொத்தம் 4,800 ரிங்கிட்.

பேக்கேஜ் 6,350, அதில் ஷாப்பிங் சேராது. ஷாப்பிங்கை விட்டுப் பார்த்தால் உங்கள் சொந்த ஏற்பாடு 4,400. ஏறக்குறைய 1,950 ரிங்கிட் மிச்சம். பேக்கேஜில் பஸ்ஸும் வழிகாட்டியும் இருப்பது அம்மாவுக்கு வசதிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைச் செலவழித்து ஒரு நாள் டிரைவரோடு வண்டி வைத்துக்கொண்டாலே அந்த வசதி கிடைத்துவிடும். பேக்கேஜ் பஸ்போல நகைக்கடையிலும் ரத்தினக்கல் கடையிலும் இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் காக்க வைக்க மாட்டார்கள். அரண்மனை வாசலில் யாராவது, “இன்று மூடியிருக்கிறது, துக்துக்கில் வேறு கோயில் காட்டுகிறேன்” என்றால் நின்று பேச வேண்டாம். அந்த வண்டியும் கடைசியில் கல் கடைக்குத்தான் போகும்.

அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் கடப்பிதழ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் 60 வயது தாண்டியவருக்கும் சிறுபிள்ளைகளுக்கும் தலா 100 வீதம் 300 ரிங்கிட். இருக்கிறதென்றால், பயண நாளில் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். ஆக இலக்கு 5,100.

மே சம்பளத்திலிருந்து தொடங்குங்கள். சம்பளம் ஏறும் அன்றே 500 ரிங்கிட் வேறொரு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கிச் செயலியில் போட்டுவிடுங்கள். எந்தக் கணக்கு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஏழு மாதத்தில் வட்டி வித்தியாசம் ஒரு சாப்பாட்டுச் செலவுதான். அட்டை இல்லாத, எளிதில் கை போகாத கணக்காக இருந்தால் போதும். செப்டம்பர் முடிவில் 2,500 சேர்ந்திருக்கும். அதில் கடப்பிதழும் விமானச் சீட்டும் முடிந்துவிடும். அக்டோபர், நவம்பரில் இன்னும் ஆயிரம். குறைகிற 1,600ஐ போனஸிலிருந்து எடுங்கள். மீதி 2,600இல் தீபாவளியும் ஜனவரிப் பள்ளிச் செலவும் அடங்க வேண்டும். பள்ளித் தொடக்க உதவி 150 ரிங்கிட் வந்தாலும் சீருடை, காலணி, பைக்கு அது போதாது என்பது உங்களுக்கே தெரியும். அறையைக் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்து முன்பதிவு செய்தால் பணத்தைக் கடைசியில் கொடுக்கலாம்.

அங்கே பணம் கொடுக்கும் விதத்திலும் சேமிக்கலாம். உங்கள் வங்கிச் செயலியில் டூயிட்நவ் கியூ.ஆர். இருந்தால் பேங்காக் கடைகளின் பிராம்ப்ட்பே (தாய்லாந்தின் கியூ.ஆர். கட்டண முறை) குறியீட்டையே ஸ்கேன் செய்யலாம். பணம் போகுமுன் திரையில் எத்தனை ரிங்கிட் என்று காட்டும், அதைப் பார்த்து அழுத்துங்கள். கார்டு இயந்திரம் “ரிங்கிட்டா, பாட்டா” என்று கேட்டால் எப்போதும் பாட். ரிங்கிட்டை அழுத்தினால் அந்தக் கடையின் மாற்று விலையில் மாட்டிக்கொள்வீர்கள். ஏ.டி.எம்.மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவில் பிடிப்பார்கள், 1,000 பாட் எடுக்க 220 கொடுப்பது கொடுமை. படகுக்கும் கோயிலுக்கும் தெருக்கடைக்கும் 6,000 பாட் போல ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பணமாற்றுக் கடைகளில் இரண்டு மூன்றில் விலை கேட்டு மாற்றிக்கொண்டு போங்கள். தாய்லாந்து வருகை அட்டையை 2025 மே முதல் இணையத்தில் நிரப்ப வேண்டும், போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அது இலவசம், கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

நடுவில், ஆகஸ்டில், எதிர்பாராத செலவு வந்துவிட்டால் என்ன செய்வது என்று மனைவி கேட்பார். அதுவரை விமானச் சீட்டு எடுத்திருக்க மாட்டீர்கள். பயணக் கணக்கிலிருந்தே அந்தச் செலவைச் செய்யுங்கள், பயணத்தை அடுத்த பள்ளி விடுமுறைக்கு மாற்றுங்கள். ஏப்ரலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பேங்காக் வெயில் அப்போது அம்மாவுக்குத் தாங்காது.