க்ளோட் அலேக்ர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு நிலவியல் அறிஞர் க்ளோட் அலேக்ர் காலமானபோது நீங்கள் எழுதிய அஞ்சலிக் குறிப்பை நண்பருக்கு அனுப்பினேன். பதிலுக்கு அவர் வாட்ஸப்பில் அலேக்ரின் பருவநிலைப் பேச்சு ஒன்றை அனுப்பி, “பூமி சூடாவதற்கு மனிதன் காரணமில்லை என்று இவ்வளவு பெரிய ஆளே சொல்கிறார், உங்கள் எழுத்தாளரும் அவரை மேதை என்கிறார், அப்புறம் என்ன?” என்கிறார். நான் என்ன சொல்ல?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மேதை என்றதில் மாற்றமில்லை. பாறைகளிலுள்ள ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை அளந்து, பூமியின் மேலோடும் கீழேயிருக்கும் கவசமும் எப்போது, எப்படிப் பிரிந்தன என்று கணக்கிட்டவர்களில் அவர் முன்வரிசைக்காரர். 1986இல் ஜெரால்ட் வாசர்பர்க்குடன் கிராஃபோர்ட் பரிசு பெற்றார். நிலவியலுக்கு நோபல் கிடையாது, அந்த இடத்தில் வைக்கப்படுவது இதுதான்.

ஆனால் அந்த மனிதரின் குணம் தெரிய 1976க்குப் போகவேண்டும். கரீபியனில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவில் லா சூஃப்ரியேர் எரிமலை ஜூலையில் குமுற ஆரம்பித்தது. பக்கத்து மார்ட்டினிக்கில் 1902இல் மோன் பெலே வெடித்து ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் செத்த நினைவு எல்லோருக்கும் இருந்ததால் ஆகஸ்டில் 70,000 பேருக்கு மேல் வெளியேற்றினார்கள், மாதக்கணக்கில் அவர்கள் வீடு திரும்ப முடியவில்லை. வெறும் நீராவி வெடிப்பு, மாக்மா என்னும் பாறைக்குழம்பு மேலே வரவில்லை, வெளியேற்றமே தேவையில்லை என்றார் எரிமலை நிபுணர் ஹரூன் தாசியெஃப். பாரிஸ் புவி இயற்பியல் கழகத்துக்கு அப்போதுதான் இயக்குநராகியிருந்த அலேக்ர் வெளியேற்றத்தை ஆதரித்தார். பெரிய வெடிப்பு வரவே இல்லை. தாசியெஃப் சொன்னது சரியாகப் போனது, ஆனால் அந்தக் கழகத்தின் எரிமலைப் பிரிவுத் தலைவர் பதவி போனதும் அவருக்குத்தான்!

வெளியேற்றத்தை நான் தவறென்று சொல்லமாட்டேன். நிச்சயமில்லாதபோது உயிரைக் காப்பாற்றுவதுதான் முறை. ஆச்சரியம் என்னவென்றால், அன்று அப்படி நினைத்தவர், 1990களில் பாரிஸின் ஜுஸியூ பல்கலைக்கழக வளாகக் கட்டடங்களில் இருந்த, புற்றுநோய் தரக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் பற்றிப் பயந்தவர்களை மனப்பீதி என்று தள்ளிவிட்டார். பிறகு கல்வி அமைச்சராகி, கல்வித் துறையை கொழுப்பு குறைக்க வேண்டிய மாமூத் யானை என்று சொல்லி ஆசிரியர்களைப் பகைத்துக்கொண்டு 2000இல் பதவியை இழந்தது தனிக்கதை, அதை விடுங்கள்.

2010இல் பருவநிலை ஆய்வையே மோசடி என்று புத்தகம் போட்டார். அதில் தன் வெப்பநிலை வரைபடம் மாற்றி வரையப்பட்டிருக்கிறது என்று ஸ்வீடன் ஆய்வாளர் ஹோகன் க்ரூட் வெளிப்படையாகப் புகார் செய்தார். அலேக்ரின் சமாதானம், அது முதலில் அரசியல் புத்தகம், அறிவியல் அப்புறம் என்பது. ஐசோடோப்பு விகிதத்தில் தசமப்புள்ளிக்கு அப்பால் நாலாவது இலக்கத்துக்காகச் சண்டை போட்ட துறையிலிருந்து வந்தவர் பேச்சா இது?

உங்கள் நண்பர் கேட்கவேண்டியது அலேக்ர் எவ்வளவு பெரியவர் என்பதல்ல, பருவநிலையில் அவர் எதை அளந்தார் என்பது. எதையும் அளக்கவில்லை. நூற்றுக்கணக்கான பருவநிலை ஆய்வாளர்கள் அந்தப் புத்தகத்துக்கு எதிராக ஆராய்ச்சித் துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள், அதன்பின் விவாதம் நடத்திய பிரெஞ்சு அறிவியல் அகாதமி, அவரும் உறுப்பினராக இருந்த அதே அகாதமி, 2010 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. வெப்பமாதலுக்கு முதன்மைக் காரணம் காற்றில் கூடிய கார்பன் டை ஆக்சைடு என்கிறது அது. அதை வாட்ஸப்பில் அனுப்பிப் பாருங்கள்.