1973-இன் ஜார்ஜ் ஃபோர்மேனும் 1988-இன் மைக் டைசனும் குத்துச்சண்டையில் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்?

என் கணிப்பு ஃபோர்மேன். ஆனால் முதல் இரண்டு நிமிடங்களை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பேன்.

1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், அப்போதைய உலக சாம்பியன் ஜோ ஃபிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் சாய்த்தவர் ஃபோர்மேன். அந்தக் காட்சியை நிதானமாகப் பாருங்கள். குனிந்தபடி உள்ளே நுழைகிறார் ஃபிரேசியர். ஃபோர்மேன் இரு கைகளாலும் அவரைத் தோளோடு பின்னால் தள்ளுகிறார். இடைவெளி கிடைத்ததும் கீழிருந்து மேலாக ஒரு குத்து. டைசனும் குனிந்து நுழைகிற ரகம்தான். உயரத்திலும் ஃபோர்மேனைவிட ஐந்து அங்குலமாவது குறைவு.

இருந்தாலும் டைசனை இன்னொரு ஃபிரேசியராக எண்ணிவிடக் கூடாது. ஃபிரேசியருக்குச் சூடேற ஓரிரு சுற்றுகள் ஆகும். டைசன் மணியடித்ததும் பாய்பவர். 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை முடிக்க அவருக்கு 91 வினாடிகள் போதுமாக இருந்தன. ஃபிரேசியர் பெரிதும் நம்பியது இடது கையை. டைசனுக்கு இரண்டு கைகளிலும் இடி. ஃபோர்மேனோ அகலமாகக் கையை வீசுபவர், அதற்குள் புகுந்துவிட்டால் ஆபத்துதான்.

ஆனால் ஃபோர்மேன் விழுந்தாலும் எழுவார். 1976-இல் ரான் லைல் அவரை இரண்டு முறை வீழ்த்தினார். ஐந்தாம் சுற்றில் லைல்தான் எழ முடியாமல் கிடந்தார். ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் ஃபோர்மேனை வென்ற முகமது அலி செய்ததுபோல் கயிற்றில் சாய்ந்து அடிவாங்கி ஃபோர்மேனைக் களைப்படையச் செய்யும் பொறுமை டைசனுக்கு ஏது? மூன்றாம் சுற்றுக்குள் ஃபோர்மேன் முடித்துவிடுவார். ஆறாம் சுற்றுவரை நீண்டால் என் கணிப்பைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.